வாக்குச்சீட்டு அச்சாகும் முன்பே முடிந்துவிடும் தேர்தல்

(ஞாயிற்றுக்கிழமை மாலை குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் பேசியது. வேலை காரணமாக வர முடியாதவர்களும் வீட்டில் இருந்தபடி படிக்க வேண்டும் என்பதற்காக இங்கே எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



சில மாதங்களுக்கு முன்பு ஓர் அடுக்குமாடியின் கீழே நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். அடையாளக் கார்டு பிரச்சினை, இ.பி.எஃப். பிரச்சினை என்று ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். கடைசியாக ஓர் அம்மா எழுந்தார். தோட்டத்தில் பால் மரம் சீவியவர். அவர் கேட்டது இதுதான்: "தம்பி, ஓட்டு போடு, ஓட்டு போடுன்னு சொல்றீங்க. நானும் விடாம போட்டுக்கிட்டுதான் வர்றேன். ஆனா சீட்டுல யார் பேரு இருக்கணும்னு யாரு முடிவு பண்றது? அந்த இடத்துல நம்ம ஆளுங்க யாராச்சும் உட்கார்ந்திருக்காங்களா?"

நான் சட்டம் படித்தவன். ஆனாலும் அன்று அந்த அம்மாவுக்கு என்னால் முழுமையான பதில் சொல்ல முடியவில்லை. இன்றைய பேச்சுதான் அந்தப் பதில். அதைச் சொல்ல உங்களைத் தூரமான ஓர் ஊருக்கு அழைத்துப் போகப் போகிறேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம். அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கவுண்டிகள். ஒன்று ஹியூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி. மற்றொன்று ஃபோர்ட் பெண்ட் கவுண்டி. கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் தேர்தல் இரண்டு கட்டமாக நடக்கும். நவம்பரில் நடப்பது பொதுத் தேர்தல். அதற்கு முன்பே நடப்பது 'பிரைமரி' எனப்படும் முதல்நிலைத் தேர்தல். கட்சியின் சார்பில் யார் வேட்பாளராக நிற்பது என்பதை அதில் வாக்காளர்களே வாக்குப் போட்டு முடிவு செய்கிறார்கள். கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் அந்த அழகான ஏற்பாட்டையே ஒரு சமூகத்தை வெளியே நிறுத்தும் வேலியாக மாற்ற முடியும். டெக்சாஸில் அதுதான் நடந்தது.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது. இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக்கூடாது என்று 1870ல் அரசியல் சட்டத்தின் 15வது திருத்தம் சொன்னது. ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் கறுப்பின மக்களே பெரும்பான்மை. அடிமையாக அங்கே கொண்டுவரப்பட்ட வால்டர் பர்ட்டன் என்பவர் ஷெரீப் ஆனார். பிறகு டெக்சாஸ் செனட் சபையிலும் உட்கார்ந்தார். அடிமையாக வந்தவர் சட்டம் இயற்றும் இடத்துக்குப் போனார்!

வெள்ளைக்காரப் பெருந்தலைகளுக்கு இது பொறுக்கவில்லை. 1889ல் அந்தக் கவுண்டியில் துப்பாக்கிச் சண்டையே நடந்தது. ஒரு பக்கம் 'ஜேபேர்ட்' என்ற குழு, மறு பக்கம் 'மரங்கொத்தி' என்று பெயர் எடுத்த குழு. இரண்டுமே பறவையின் பெயர்கள்தான். ஆனால் நடந்தது பறவை விளையாட்டு அல்ல. கறுப்பின வாக்காளர்களின் ஆதரவில் பதவியில் இருந்த மரங்கொத்திகள் தோற்றார்கள். வென்றவர்கள் அதே ஆண்டில் 'ஜேபேர்ட் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வெள்ளையர் மட்டுமே அதில் உறுப்பினராகலாம்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். அந்தச் சங்கம் மே மாதத்தில் தனக்குள் ஒரு தேர்தல் நடத்தும். அதில் வென்றவர் ஜூலையில் ஜனநாயகக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் நிற்பார். பெரும்பாலும் எதிர்த்து நிற்க ஆள் இருக்காது. பிறகு நவம்பரில் பொதுத் தேர்தல். அன்றைய டெக்சாஸில் ஜனநாயகக் கட்சிதான் எப்போதும் வெல்லும். ஆக, நவம்பரில் கறுப்பினத்தவர் தாராளமாக வாக்களிக்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். ஏன் தடுக்க வேண்டும்? முடிவு மே மாதத்திலேயே வந்துவிட்டதே! அறுபது ஆண்டுகளுக்கு மேல் இப்படியே ஓடியது.

மாநில அளவிலும் இதே கதைதான். 1923ல் டெக்சாஸ் சட்டமன்றம் ஜனநாயகக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் கறுப்பினத்தவர் வாக்களிக்கக்கூடாது என்று வெளிப்படையாகவே சட்டம் போட்டது. எல் பாசோ நகரில் லாரன்ஸ் நிக்சன் என்ற கறுப்பின மருத்துவர் இருந்தார். 1924ல் வாக்களிக்கப் போனார். திருப்பி அனுப்பினார்கள். வழக்குப் போட்டார். 1927ல் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

வெற்றிதானே? இல்லை. டெக்சாஸ் உடனே சட்டத்தை மாற்றி, "யார் வாக்களிக்கலாம் என்பதைக் கட்சியின் செயற்குழு முடிவு செய்யட்டும்" என்றது. நிக்சன் மறுபடி வழக்குப் போட்டார். 1932ல் மறுபடி வென்றார். இம்முறை அரசாங்கம் முழுவதுமாக ஒதுங்கிக்கொண்டது. கட்சியின் மாநில மாநாடே கூடி, "வெள்ளையர் மட்டும்" என்று தீர்மானம் போட்டது.

அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர் ஹியூஸ்டன் நகரத்தில் முடிதிருத்தும் தொழில் செய்த ஆர்.ஆர். குரோவி. அவர் கேட்ட நஷ்ட ஈடு வெறும் 10 டாலர். ஏன் அவ்வளவு குறைவு? அவ்வளவு சிறிய தொகை என்றால் மாநிலத்தின் மேல் நீதிமன்றங்களுக்குப் போக வழி கிடையாது. சின்ன நீதிமன்றத்தில் தோற்றால் நேராக நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கே போய்விடலாம். சாமானியர்களும் சட்டத்தின் நெளிவு சுளிவைத் தெரிந்து வைத்திருந்தார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் 1935ல் அவர் தோற்றார். உச்ச நீதிமன்றம் சொன்ன காரணத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்: கட்சி என்பது தனியார் அமைப்பு, யாரை உள்ளே சேர்ப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்பது அதன் சொந்த விஷயம், அரசாங்கம் செய்யாத பாகுபாட்டை நீதிமன்றம் கேட்க முடியாது.

எப்படி இருக்கிறது பாருங்கள். அரசாங்கத்தைக் கேட்டால் கட்சியைக் கை காட்டுகிறது. கட்சியைக் கேட்டால், "நாங்கள் தனியார்" என்கிறது. இடையில் நிற்கும் மனிதன் எந்தக் கதவைத் தட்டுவான்?

1940 ஜூலையில் ஹாரிஸ் கவுண்டியில் லோனி ஸ்மித் என்ற பல் மருத்துவர் முதல்நிலைத் தேர்தலில் வாக்குச்சீட்டு கேட்டார். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள், ஆளுநர் உட்படப் பல பதவிகளுக்கான தேர்தல் அது. வாக்குச்சாவடி அதிகாரி ஆல்ரைட் கொடுக்க மறுத்தார். ஸ்மித்துக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். பின்னாளில், 1967ல், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவர் அவர்.

1944 ஏப்ரல் 3ல் தீர்ப்பு வந்தது. எட்டு நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் மறு பக்கம். முதல்நிலைத் தேர்தலை மாநிலச் சட்டம்தான் ஒழுங்குபடுத்துகிறது. அதில் தேர்வானவரின் பெயரைத்தான் வாக்குச்சீட்டில் அச்சிடுகிறது. அப்படியானால் கட்சி செய்யும் பாகுபாடு மாநிலம் செய்யும் பாகுபாடுதான் என்று நீதிமன்றம் சொன்னது. ஒன்பது ஆண்டுக்கு முன் சொன்ன தன் சொந்தத் தீர்ப்பையே மாற்றிக்கொண்டது.

அதே 1944 ஜூலையில் எல் பாசோவின் டாக்டர் நிக்சன் தன் மனைவியோடு போய் முதல்நிலைத் தேர்தலில் வாக்களித்தார். 1924ல் திருப்பி அனுப்பப்பட்டவர் 1944ல் வாக்களித்தார். இருபது வருடம்! இரண்டு முறை வழக்கில் வென்றும் வாக்களிக்க முடியாமல் இருந்தவர் அவர். நாமோ ஒரு மனுவுக்கு ஆறு மாதம் பதில் வராவிட்டால் சோர்ந்து போகிறோம்.

ஃபோர்ட் பெண்டின் ஜேபேர்ட் சங்கம் அப்போதும் அடங்கவில்லை. "எங்களுடையது கட்சித் தேர்தலே இல்லை, சங்கத்தின் உள் விஷயம்" என்றது. வில்லி மெல்டன், அரிசோனா ஃபிளெமிங் போன்ற உள்ளூர்க் கறுப்பினத்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1953 மே மாதம் அந்தச் சங்கத் தேர்தலும் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தோடு வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கும் முதல்நிலைத் தேர்தலின் கதை முடிந்தது.

வேலி போனது. உடனே வயல் நம் கைக்கு வந்துவிட்டதா? அதுதான் அடுத்த பாடம்.

டெக்சாஸில் 1940ல் சுமார் 30,000 கறுப்பினத்தவரே வாக்காளராகப் பதிந்திருந்தார்கள். 1947ல் அது சுமார் 1 லட்சம். நல்ல முன்னேற்றம். ஆனால் வாக்களிக்க வரி கட்ட வேண்டும் என்ற முறை இன்னும் இருந்தது. ஆண்டுக்கு ஒன்றரை டாலருக்கு மேல். கையில் ரொக்கம் காணாத கூலிக்காரருக்கு அது சின்னத் தொகை அல்ல. அரிசி வாங்குவதா, வாக்கு வாங்குவதா?

ஹாரிஸ் கவுண்டியில் இன்னொரு தந்திரமும் இருந்தது. டெக்சாஸ் கீழ்சபைக்கு அந்தக் கவுண்டியில் இருந்து பலர் தேர்வாவார்கள். ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் முழுக் கவுண்டியும் சேர்ந்து வாக்களிக்க வேண்டும். 1960ல் அங்கே மக்கள் தொகை 12 லட்சத்துக்கு மேல். கறுப்பினத்தவர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஐந்தில் ஒருவர், மற்ற நால்வரோடு சேர்ந்து ஒவ்வோர் இடத்துக்கும் வாக்களித்தால் என்ன ஆகும்? எல்லா இடத்திலும் தோல்விதான். யாரும் யாரையும் தடுக்கவில்லை. கணக்கே தடுத்துவிடும்.

இந்தக் கணக்கோடு மோதியவர்தான் பார்பரா ஜோர்டன். ஹியூஸ்டனின் ஐந்தாம் வட்டாரத்தில், ஏழைக் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் பிறந்தவர். அப்பா கிடங்கில் எழுத்தர், கிறிஸ்துவ போதகரும்கூட. மகள் பாஸ்டனில் சட்டம் படித்துவிட்டு ஊர் திரும்பினார். அலுவலகம் வைக்கப் பணம் இல்லை. பெற்றோர் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அவருடைய முதல் அலுவலகம்.

1962ல் ஹாரிஸ் கவுண்டியின் முதல்நிலைத் தேர்தலில் கீழ்சபைக்கு நின்றார். தோற்றார். 1964ல் மறுபடி நின்றார். மறுபடி தோற்றார். தன் மக்கள் வாக்களித்தார்கள். கவுண்டி முழுவதும் சேர்ந்ததும் அந்த வாக்கு கரைந்து போனது.

1966ல் நிலைமை மாறியது. முதலாவது, சட்டமன்றத் தொகுதிகள் மக்கள் தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1964ல் சொல்லியிருந்தது. அதுவரை எவ்வளவு மக்கள் இருந்தாலும் ஹாரிஸ் கவுண்டிக்கு மாநில செனட்டில் ஒரே ஓர் இடம்தான். இப்போது அந்தக் கவுண்டியைப் பல தொகுதிகளாகப் பிரித்தார்கள். ஜோர்டன் வாழ்ந்த வட்டாரம் 11வது தொகுதிக்குள் வந்தது. இரண்டாவது, மாநிலத் தேர்தலிலும் வாக்களிக்கும் வரி 1966ல் நீதிமன்றங்களால் ஒழிந்தது.

அந்த ஆண்டு மே மாதம் நடந்த முதல்நிலைத் தேர்தலின் முடிவு: பார்பரா ஜோர்டன், எதிர்த்து நின்ற வெள்ளை இன வேட்பாளரை ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வீழ்த்தினார். கறுப்பின வாக்கு மட்டுமல்ல, மெக்சிகோ வழி வந்தவர்களின் வாக்கும் தொழிற்சங்கத் தொழிலாளர்களின் வாக்கும் சேர்ந்து கிடைத்த வெற்றி அது. 1883க்குப் பிறகு டெக்சாஸ் செனட்டுக்குள் கால் வைத்த முதல் கறுப்பினத்தவர் அவர்.

அதே பெண். அதே பேச்சு. அதே மக்கள். 1964ல் தோல்வி, 1966ல் வெற்றி. நடுவில் மாறியது என்ன? எல்லைக் கோடும் விதியும்தான்!

உள்ளே போன பிறகு என்ன செய்தார் என்பதும் முக்கியம். டெக்சாஸின் முதல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்துக்கு உழைத்தவர் அவர். 1972ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். 1975ல் வாக்குரிமைச் சட்டத்தை விரிவாக்கி, ஆங்கிலம் தெரியாத மொழிச் சிறுபான்மையினருக்கும் பாதுகாப்புக் கிடைக்க முன்னின்றார். இன்று ஹாரிஸ் கவுண்டியில் ஸ்பானிய, வியட்நாமிய, சீன மொழிகளிலும் வாக்குச்சீட்டு உண்டு.

இன்னும் ஒரே ஒரு முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஜேபேர்ட் சங்கம் ஆண்ட அதே ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் 2022ல் மாநிலக் கீழ்சபையின் 76வது தொகுதிக்கு முதல்நிலைத் தேர்தல் நடந்தது. யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்காததால் மே மாதம் இரண்டாம் சுற்று. வென்றவர் சுலைமான் லலானி. பாகிஸ்தானில் பிறந்த மருத்துவர். 2023 ஜனவரியில் பதவி ஏற்றபோது, டெக்சாஸ் சட்டமன்றத்தின் முதல் இரு முஸ்லிம் உறுப்பினர்களில் ஒருவர் ஆனார்.

ஆனால் இதையும் கேளுங்கள். அந்த 2022 மார்ச் முதல்நிலைத் தேர்தலில் டெக்சாஸ் முழுவதும் இரு கட்சிகளையும் சேர்த்துப் பார்த்தால், பதிந்த வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. எந்த வாசலைத் திறக்கச் சொல்லி ஒரு பல் மருத்துவரும் ஒரு முடிதிருத்தும் தொழிலாளியும் நீதிமன்றப் படி ஏறினார்களோ, அந்த வாசல் திறந்து கிடக்கிறது. உள்ளே போக ஆள் இல்லை. வந்த சிலரே மற்ற எல்லோருக்கும் சேர்த்து முடிவு செய்கிறார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

நம் நாட்டில் இனத்தைச் சொல்லி யாரையும் வாக்குச்சாவடியில் இருந்து திருப்பி அனுப்புவதில்லை. டெக்சாஸும் நாமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்வி இருக்கிறதே, அது நமக்கும் பொருந்தும். 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தில் 18சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1990ல் சேர்த்தது. கட்சியின் உள் விவகாரத்தில் கட்சி எடுத்த முடிவே இறுதியானது. எந்த நீதிமன்றத்திலும் அதைக் கேள்வி கேட்க முடியாது என்கிறது அது. குரோவியிடம் 1935ல் சொன்ன பதில் உங்களுக்கு ஞாபகம் வருகிறதா?

இன்னொன்று. நாடாளுமன்றத்தின் 222 தொகுதிகளில் இந்தியர்கள் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூட இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் சிதறிய பிறகு நம் வாக்கு ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கிடக்கிறது. ஜோர்டன் 1962ல் பார்த்த கணக்கு நமக்குப் புதிதல்ல. அப்படியானால் தனியாக வெல்ல முடியாதவர்கள், வேட்பாளரை முடிவு செய்யும் இடத்திலும் கோடு போடும் இடத்திலும் இருந்தே ஆக வேண்டும். அங்கேயும் இல்லாவிட்டால் நாம் எங்கேயும் இல்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது மூன்று.

ஒன்று: அடையாளக் கார்டில் உள்ள முகவரியைப் பாருங்கள். 2021 டிசம்பர் 15ல் இருந்து 18 வயதானவர் தானாகவே வாக்காளர் ஆகிவிடுகிறார். பதியத் தேவையில்லை. ஆனால் முகவரி கார்டில் உள்ளதுதான். தோட்டத்து லயத்தை விட்டு வந்து பல வருடமாகியும் பழைய முகவரியே இருந்தால், உங்கள் வாக்கும் அங்கேதான் இருக்கும். நீங்கள் வாழும் இடத்தில் உங்களைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். பிள்ளைகளின் கார்டையும் பாருங்கள்.

இரண்டு: எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, உங்களுக்குப் பிடித்த கட்சியில் உறுப்பினரானால் கிளைக் கூட்டத்துக்குப் போங்கள். சோறு போடும் நாளில் மட்டும் போகாதீர்கள். வாக்கெடுப்பு நாளில் போங்கள். "வேட்பாளரை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? எங்களிடம் கேட்டீர்களா?" என்று எழுந்து நின்று கேளுங்கள். நீதிமன்றம் கேட்க முடியாத கேள்வியை உறுப்பினர் கேட்கலாம்.

மூன்று: தொகுதி எல்லையை மாற்றும்போது விழித்திருங்கள். தீபகற்பத்தில் கடைசியாக எல்லை மாற்றியது 2018ல். எட்டு ஆண்டு இடைவெளி விட்டு அடுத்ததைத் தொடங்கச் சட்டம் இடம் தருகிறது. அதாவது 2026ல் இருந்து. தேர்தல் ஆணையம் புதிய எல்லையை அறிவித்தால், அந்தப் பட்டியலில் உள்ள 100 வாக்காளர்கள் சேர்ந்து ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் கொடுக்கலாம். கொடுத்தால் ஆணையம் உள்ளூரில் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். அரசியல் சட்டத்தின் 13வது அட்டவணை தரும் உரிமை இது. நூறு பேர்! ஓர் அடுக்குமாடியில் இரண்டு மாடியில் கிடைப்பார்கள். கோயில் திருவிழாவுக்கு ஒரு வாரத்தில் நாம் சேர்க்கும் கூட்டத்தில் பாதி இல்லை.

அந்த அம்மா இன்றும் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். சீட்டில் யார் பெயர் வர வேண்டும் என்பதை ஒரு சின்ன அறையில் சிலர் முடிவு செய்கிறார்கள். அந்த அறையில் நம் ஆட்கள் போதுமான அளவில் இல்லை. ஆனால் கதவு பூட்டியிருக்கிறதா, சும்மா சாத்தியிருக்கிறதா என்று நாம் இன்னும் தள்ளிப் பார்க்கவே இல்லை. டாக்டர் நிக்சன் இருபது வருடம் தள்ளினார்.

நூறு பேர் பட்டியலுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. போகும்போது பெயரும் முகவரியும் எழுதிவிட்டுப் போங்கள். வீட்டில் இருந்து படிப்பவர்கள் உங்கள் அடுக்குமாடியில், உங்கள் தாமானில் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொடங்குங்கள்.